அடைப்புக்குறிக்குள் துரை

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த அடைப்புக்குறியின் அருமை தெரியும். பதிவுப் பெயர் தகப்பன் பெயரோடும், சில வேளை ஓய்வுபெற்ற உத்தியோகத்தோடும் நீளமாக வரும். பக்கத்திலே அடைப்புக்குறிக்குள் 'ராசன்' என்றோ 'கிளி' என்றோ 'பேபி' என்றோ ஒரு சின்னச் சொல் இருக்கும். சனம் பதிவுப் பெயரை ஒரு பார்வையில் கடந்துபோய் அந்தச் சின்னச் சொல்லில்தான் நிற்கும். "ஐயோ, எங்கட கிளியக்காவோ?" என்று கை நெஞ்சுக்குப் போவது அந்த இடத்தில்தான். வானொலியில் அறிவித்தல் வாசித்த காலத்திலும் அப்படித்தான். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று பெயர்கள் அடுக்கடுக்காகப் போகும்போது குசினியில் நிற்பவர்கள் காதைக் கொடுக்க மாட்டார்கள். கூப்பிடுபெயர் வந்ததும் அகப்பையைக் கீழே வைப்பார்கள்.

சென்ற வருடம் என் பெரியம்மா காலமானார். அவருடைய அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது என்பதில் எங்கள் குடும்பம் ஓர் இரவு முழுக்க இழுபட்டது. அவருடைய பதிவுப் பெயர் 'ஈஸ்வரி' என்று முடியும் நல்ல பெண் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் ஊரில் வீடு விசாரித்தால் அடுத்த வளவுக்காரருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் துரை. வயதில் மூத்தவர்களுக்குத் துரை, இளையவர்களுக்குத் துரையக்கா, சந்தையில் வெங்காயம் வாங்க வருபவர்களுக்குத் துரையம்மா. பிறந்ததிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் விநோதமாக எதுவும் தெரிந்ததில்லை. ஒரு பெண்ணின் மரண அறிவித்தலில் அது அச்சாகப் போகிறது என்ற பிறகுதான் ஒவ்வொருவரும் அதை ஒவ்வொரு விதமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. பெண்ணுக்கு ஆண் பெயரும் ஆணுக்குப் பெண் பெயரும் விழும்போது நாங்கள் எதற்குப் பெருமைப்படுகிறோம், எதற்குச் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பு யார் தலையில் போய் இறங்குகிறது?

துரை வந்த வழி

பெரியம்மா 1948ஐ ஒட்டிப் பிறந்தவர். வெள்ளைத் துரைமார் பெட்டி படுக்கையோடு கப்பலேறிய காலம். அம்மப்பாவுக்குச் செம்மண் தோட்டம். சின்ன வெங்காயமும் புகையிலையும் மாறிமாறி. மூத்த பிள்ளையை அவர் நடக்கத் தொடங்கியதிலிருந்தே தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். அந்தக் குழந்தை வரம்பில் ஏறி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கும். "துரை வந்திட்டார், கெதியாக் கொத்துங்கோ" என்று யாரோ ஒருவர் சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அம்மம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லையாம். பெண் பிள்ளைக்கு வாய்க்கு இனிமையாக ஒரு பெயர் வேண்டும் என்று வேறு சில பெயர்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். குழந்தை திரும்பிப் பார்த்தது துரைக்கு மட்டும்தான்.

பெயருக்கு ஏற்ற மாதிரி அவர் வளர்ந்தாரா, அவர் வளர்ந்த விதத்தைப் பார்த்து ஊர் அந்தப் பெயரைக் கைவிடாமல் வைத்திருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. கிணற்றுத் துலா மிதிக்கத் தெரிந்த பெண்கள் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் குறைவு. அவர் மிதித்தார். பார் வைத்த சைக்கிளில் வெங்காய மூடை கட்டிச் சந்தைக்குப் போனார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணால் காணாப் பொருளானபோது, நாலு சொட்டுப் பெற்றோலில் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடும் வித்தை குடாநாடு முழுக்கப் பரவியது. எங்கள் ஒழுங்கையில் அதை முதலில் பழகியவர் பெரியம்மா. இயந்திரம் கிளம்பாத தோட்டக்காரர்கள், மீசை நரைத்த ஆம்பிளைகள், வாசலில் வந்து நின்று "துரையக்கா, ஒருக்கா வந்து பாக்கிறியளோ" என்று கேட்டதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து வானொலி கேட்பார். இரவில் பிபிசி தமிழோசைக்கு அவர் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வந்தபோது, குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்ததைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மழை, நாவற்குழிப் பாலத்தில் நகராமல் நின்ற சனக்கூட்டம், எல்லாம் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் நடந்து பார்த்தவை. எனக்கு நினைவில் நிற்பது அம்மாவின் குரல். இருட்டில் பெரியம்மா கையை விட்டு விலகிப் போனதும் அம்மா தொண்டை கிழியக் கத்தினார்: "துரை! துரை!" முன்னால் போன ஆம்பிளைகள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அந்தப் பெயர் இருந்திருக்கும். கொஞ்சத் தூரத்தில், தலையில் பெட்டியோடு, "இஞ்சை நிக்கிறன், பிள்ளையளை இறுக்கிப் பிடி" என்று பதில் வந்தது. அந்த நேரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வாய் தடுக்காத இடங்கள்

இந்த எல்லையை நாங்கள் ஒவ்வொரு நாளும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் வீடுகளில் பெண் பிள்ளையைக் கொஞ்சும்போது "என்ர ராசா" என்று சொல்லாத தாய் யார்? "வாடா குஞ்சு" என்று கூப்பிட்டால் ஓடி வருவது மகளாகவும் இருக்கலாம். கிழவிகள் "என்ன மோனை" என்று பேத்தியைக் கேட்பார்கள். பிள்ளை என்ற சொல் வேலுப்பிள்ளையிலும் இருக்கிறது, தெய்வானைப்பிள்ளையிலும் இருக்கிறது. மணி, செல்வம், தங்கம் என்று கடித உறையில் பெயர் வந்தால் ஆணா பெண்ணா என்று தபால்காரர் வாசலில் வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். 1988இல் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட அன்னை பூபதியின் பெயரில் இருப்பது நிலத்தை ஆளும் அரசன். அதற்கு முன்னால் அன்னை என்று சேர்த்துச் சொல்வதில் எவருக்கும் நாக்குத் தடுக்கியதில்லை.

ரஜனி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சிநேகிதி ஒருத்தியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அவளுடைய கண்ணில் வருவது சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் நடிகர். எனக்கு வருவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்து, 1989 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட ரஜனி திராணகம. எங்கள் வகுப்புகளில் ரஜனி என்றால் இரட்டைப் பின்னல் போட்ட பெட்டை. பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் பெண்ணுக்கும் அந்தப் பக்கம் ஆணுக்கும் உரிய பெயர் அது. இதில் எந்தப் பக்கத்துக்காரர் பிழையாகக் கூப்பிடுகிறார் என்று யாராவது கேட்பார்களா?

சமயத்துக்குள் போனால் இன்னும் தாராளம். மார்கழியில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடி ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆம்பிளைகளும் பெடியங்களும். பாடுவது கன்னிப் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பும் பாட்டு. எழுதியவர் மாணிக்கவாசகர். பனியில் சால்வையால் தலையை மூடிக்கொண்டு, கட்டைக் குரலில் "ஏலோர் எம்பாவாய்" என்று பாடும்போது அவர்களுக்குக் கூச்சம் வருவதில்லை, கேட்கிற எங்களுக்கும் வருவதில்லை. வைணவர்கள் நம்மாழ்வாருக்குப் பராங்குச நாயகி என்றும் திருமங்கையாழ்வாருக்குப் பரகால நாயகி என்றும் பெயரே கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம் காலத்துக்கு வந்தால், ரங்கராஜன் தன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா என்று ஆயுள் முழுக்க எழுதினார். அதை வாசித்து வளர்ந்த ஆம்பிளைகள் அந்தப் பெயரை மதிப்போடுதான் சொல்கிறார்கள்.

ஆகவே, பெயர் எல்லை தாண்டினால் எங்கள் பண்பாடு தாங்காது என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பண்பாடு நன்றாகத் தாங்கும், நூற்றாண்டுகளாகத் தாங்கியிருக்கிறது. எங்களுடைய வகுப்பறைகளும் சந்திகளும்தான் தாங்குவதில்லை.

சந்திரமதி அண்ணையும் மாலாவும்

எங்கள் ஊரில் தச்சு வேலை செய்த ஒருவருக்குச் சந்திரமதி என்று பெயர். கூத்திலும் இசை நாடகத்திலும் பெண் வேடங்களை ஆண்களே கட்டிய காலத்தில் வளர்ந்தவர். நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பார்க்கச் சனம் பாயும் தலையணையுமாகப் போய் விடிய விடிய இருந்த குடாநாடு இது. அந்த ஆசையில் ஊர்ப் பெடியங்கள் கோயில் திருவிழாவுக்கு அரிச்சந்திரன் கதையை மேடையேற்றியபோது இவர் சந்திரமதியாக ஆடினார். பாம்பு கடித்து இறந்த லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு மயானத்தில் இவர் அழுத அழுகையில் முன்வரிசைப் பெண்டுகள் எழுந்து போய்விட்டார்கள் என்று அம்மா சொல்லுவார். அன்றிலிருந்து அவர் சந்திரமதி. எங்களுக்குச் சந்திரமதி அண்ணை. கதவு நிலை செய்வதற்கு ஆள் தேடி வந்தவர்கள் "சந்திரமதியின்ர பட்டறை எது?" என்றுதான் கேட்பார்கள். யாராவது கூப்பிட்டால் உளியைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி பாடிக் காட்டிவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பார். அவருடைய மனைவியே "எங்கட சந்திரமதி" என்றுதான் சொன்னார். அந்தப் பெயரை அவர் உழைத்து எடுத்தார் என்பது ஊருக்குத் தெரியும்.

அதே ஒழுங்கையில் இன்னொரு பெடியன் இருந்தான். அவனுக்கு மாலா என்று பட்டம் வைத்தார்கள். குரல் உடைய நாளெடுத்தது, வாணி விழாவுக்குக் கோலம் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை, பெண் பிள்ளைகளோடு சிரித்துக் கதைப்பான். அவ்வளவுதான் அவன் செய்தது. பட்டம் வைத்தவர்கள் உடன் படித்த பெடியங்கள். அதை ஊர்ஜிதப்படுத்தியவர் ஓர் ஆசிரியர். தனியார் வகுப்பொன்றில் வரவு பார்க்கும்போது "மாலா வந்திட்டாவோ?" என்று கேட்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதுவரை கணிதத்தில் முதலாவதாகக் கை உயர்த்திக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு கை உயர்த்தவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டான். சில காலத்தில் நாட்டைவிட்டுப் போனான்.

பல வருடங்களுக்குப் பிறகு நல்லூர்த் திருவிழாவில் அவனைக் கண்டேன். மனைவி, பிள்ளைகள், நல்ல வேலை. கச்சான் வாங்கிக்கொண்டு வீதியோரமாக நின்று கதைத்தோம். அவனாகவே அந்தக் கதையை எடுத்தான். "பட்டம் வைச்சவங்களிலை எனக்கு இப்ப கோவம் இல்லை. அவங்கள் சின்னப் பெடியள். வகுப்பிலை இருந்த பெரிய மனிசர் ஒராள், ஒரே ஒராள், 'போதும்' எண்டு சொல்லியிருந்தால் நான் படிச்சிருப்பன்" என்றான். அவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. அவன் சொன்னது அப்படியே உண்மை.

சந்திரமதியும் பெண் பெயர், மாலாவும் பெண் பெயர், வாங்கியவர்கள் இருவரும் ஆண்கள், ஊரும் ஒன்றுதான். ஆகவே கோளாறு பெயரின் பாலில் இல்லை. ஒன்றை அவர் ஏந்திக்கொண்டார், மற்றதை அவன்மேல் எறிந்தார்கள். இந்த வித்தியாசம் போதும் என்றுதான் நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் செத்த வீட்டில்தான் இதற்குள் இன்னொரு கணக்கும் ஓடுகிறது என்று தெரிந்தது.

அண்ணா சொன்னது

அறிவித்தல் விடியற்காலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பந்தலில் கதிரை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், அழுது களைத்த முகத்தோடு குசினி வாசலில் இருந்து பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ரொறன்ரோவில் இருக்கும், பெரியம்மாவின் மகனான அண்ணாவும் லண்டனில் இருக்கும் மாமாவும் வாட்ஸப்பில். எல்லாம் ஒப்பேறி, அடைப்புக்குறிக்கு வந்தபோது அண்ணா "அது வேண்டாம், பேரை மட்டும் போடுங்கோ" என்றார். அக்கா "துரை எண்டு போடாட்டி ஆர் செத்தது எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். மாமா நடுவில் நின்று, பெண்ணுக்கு அப்படிப் போட்டால் வெளியூர்ச் சனம் அச்சுப் பிழை என்று நினைக்கும், 'துரையம்மா' என்று போட்டால் என்ன என்றார். அக்கா அதற்கும் சம்மதிக்கவில்லை. அண்ணா பேச்சை நிறுத்திவிட்டார். படம் இருட்டாகிப் போனது.

கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசிக்குத் தனியாக அழைப்பு வந்தது. கிணற்றடிக்குப் போய்க் கதைத்தேன். அண்ணா எண்பதுகளின் கடைசியில், மீசை அரும்பும் வயதில் போனவர். அவர் சொன்னதை இயன்றவரை அவருடைய சொல்லிலேயே எழுதுகிறேன். "உனக்குத் தெரியாது. நீ அப்ப சின்னப் பிள்ளை. அம்மாவைத் துரை எண்டு ஊர் கொண்டாடினது. அப்பாவை என்னவெண்டு சொன்னது தெரியுமோ? துரைசாணி. வாசிகசாலையிலை, சலூனிலை, சந்தியிலை. பள்ளிக்கூடத்திலை என்னட்டைக் கேப்பாங்கள், 'துரைசாணி இண்டைக்கு என்ன கறி வைச்சவ?' எண்டு. அப்பா நடந்து போகேக்கை பின்னாலை நிண்டு சொல்லுவாங்கள். அவருக்குக் கேக்கும். ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்லை. அம்மான்ர பேரிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனால் அதைப் பேப்பரிலை போட்டால், வாசிக்கிற ஆக்களிலை நாலு பேருக்காவது அப்பான்ர மற்றப் பேர் ஞாபகம் வரும். அந்த மனிசன் செத்தும் அதைக் கேக்க வேணுமோ?"

கிணற்றுக் கட்டில் அப்படியே இருந்துவிட்டேன். பெரியப்பா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞர். மெல்லிய மனிதர், உரத்துப் பேசிக் கேட்டதில்லை. பெரியம்மா தோட்டத்தில் நிற்கும் பின்னேரங்களில் அவர்தான் புட்டு அவிப்பார். அக்காவுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவார், எனக்கும் பின்னிவிட்டிருக்கிறார். எனக்கு அவை சந்தோஷமான ஞாபகங்கள். அதே பின்னேரங்களை அண்ணா வேறொரு பெயரோடு சுமந்துகொண்டு கடல் கடந்து போயிருக்கிறார். ஒரு பெண்ணுக்கு ஆண் பெயரைக் கொடுத்து உயர்த்திய ஊர், அந்த உயர்த்திய அளவைப் பக்கத்தில் நின்ற ஆம்பிளையிடமிருந்து கழித்துக்கொண்டது. தராசு மாதிரி, ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கத்தான் வேண்டும் என்று ஊர் தீர்மானித்து வைத்திருந்தது. பெரியம்மா நீர் இறைக்கும் இயந்திரம் திருத்தியதால் பெரியப்பா குறைந்துபோக எந்தக் காரணமும் இல்லை. மாலாவுக்குக் கொடுத்த பட்டத்துக்கும் துரைக்குக் கொடுத்த பட்டத்துக்கும் அடியில் ஓடியது ஒரே நினைப்பு: ஆண் பெயர் மேலே ஏறும் படி, பெண் பெயர் கீழே இறங்கும் படி. பெரியம்மாவைப் பாராட்டியவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் "ஆம்பிளை மாதிரி" என்பதைவிட உயர்ந்த பாராட்டு ஒன்று அவர்களிடம் இருக்கவில்லை.

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். சொல்வதா விடுவதா என்று தயங்கித்தான் சொன்னேன். அக்காவுக்கு துரைசாணி விஷயம் தெரிந்திருந்தது. அழவில்லை. தொலைபேசியை எடுத்து அண்ணாவுக்கு அழைத்தார். "அண்ணா, நீ இருக்கேக்கை அப்பா அம்மாவை என்னவெண்டு கூப்பிட்டவர்?" என்று கேட்டார். அண்ணா, "என்ன, எல்லாரையும் போலத்தான். இஞ்சாரும் எண்டு" என்றார். அக்கா சொன்னார்: "இடம்பெயர்ந்து சாவகச்சேரியிலை இருக்கேக்கை ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலை அத்தனை குடும்பம். இஞ்சாரும் எண்டால் பத்துப் பொம்பிளையள் திரும்புவினம். அப்பதான் அப்பா முதல்முதல் 'துரை' எண்டு கூப்பிட்டவர். எல்லாருக்கும் முன்னாலை. பிறகு விடவே இல்லை. ஆசுப்பத்திரியிலை கடைசி நாளும் என்னட்டை, 'துரை சாப்பிட்டவவோ' எண்டுதான் கேட்டவர்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு அண்ணா கேட்டார்: "அப்பா கூப்பிட்டவரோ?"

"ஓம்."

"உண்மையாவோ?"

"ஓம் அண்ணா."

"அப்ப போடுங்கோ. அம்மா கிம்மா எண்டு ஒண்டும் சேர்க்க வேண்டாம். துரை எண்டே போடுங்கோ."

அப்படியே அச்சாகியது. கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் அப்படியே. ஒழுங்கை முகப்பில் அதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு வயோதிபர் சைக்கிளை நிறுத்தி உள்ளே வந்தார். தடைக் காலத்தில் பெரியம்மா அவருடைய இயந்திரத்தைத் திருத்திக் கொடுத்திருந்தாராம். பதிவுப் பெயரை மட்டும் போட்டிருந்தால் அவர் அந்த வழியால் போயிருப்பார்.

பெரியப்பா செய்த காரியம்

பெரியப்பா செய்ததை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தன்னைக் கீழிறக்கப் பயன்பட்ட பெயரை, அத்தனை குடும்பம் பார்த்திருக்க, அன்பாக எடுத்து மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும்! ஊர் போட்ட கணக்கை அவர் ஏற்கவில்லை. மனைவி துரையாக இருப்பதால் தனக்கு ஒன்றும் குறையவில்லை என்பதைச் சண்டை பிடிக்காமல் சொல்லிவிட்டார். அண்ணாவுக்கு அது முப்பது வருடம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது என்பதுதான் என் துக்கம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சிலருக்கு எல்லை தாண்டிய பெயர் செல்லப்பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. அதுதான் அவர்களின் பெயர். யாழ்ப்பாணத்திலும் திருநங்கைகள், திருநம்பிகள் இருக்கிறார்கள். தாய் தகப்பன் வைத்த பெயரை விட்டு, தங்களுக்குப் பொருந்தும் பெயரைத் தாங்களே தேடி எடுத்தவர்கள். இலங்கையில் 2016இலிருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழில் திருத்தம் செய்ய வழி இருக்கிறது. ஆனாலும் பழைய பெயரைத் தெரிந்தவர்கள் அதைச் சந்தியில் நின்று கூப்பிட்டுச் சிரிப்பது நிற்கவில்லை. மாலா என்று கூப்பிட்டு ஒரு பெடியனை அழவைத்த அதே வாய்தான், பெண்ணாக வாழும் ஒருத்தியை வேண்டுமென்றே ஆண் பெயரால் கூப்பிடுகிறது. திசை எதுவாக இருந்தாலும், கூப்பிடப்படுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கூப்பிடுவதுதான் அங்கே நடக்கிறது. இதைப் பகிடி என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

பட்டப்பெயர்களே வேண்டாம் என்று சொல்லும் ஆளும் நான் இல்லை. பட்டம் இல்லாத யாழ்ப்பாணத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அந்தப் பெயர்களுக்குள் ஊரின் வரலாறே கிடக்கிறது. ஆண் பெயர் பெண்ணுக்கும் பெண் பெயர் ஆணுக்கும் இன்னும் அதிகமாகப் போய்வர வேண்டும் என்றுகூட ஆசைப்படுகிறேன். அப்போதுதான் படிக்கட்டு என்ற நினைப்புத் தேயும்.

என் தம்பியின் மகனை வீட்டில் அம்மு என்று கூப்பிடுகிறோம். தவழும் வயதில் அவனாகவே உச்சரித்த முதல் ஒலியிலிருந்து வந்த பெயர். அடுத்த வருடம் முதலாம் வகுப்புக்குப் போகிறான். அவனுடைய அப்பம்மாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, இப்போதே பயம். பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள், இன்றிலிருந்தே தம்பி என்று கூப்பிட்டுப் பழக்குவோம் என்கிறார். அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவர் மாலாவையும் பார்த்தவர், பெரியப்பாவையும் பார்த்தவர். ஆனால் பயத்துக்காகப் பிள்ளையிடமிருந்து அவனுடைய பெயரைப் பிடுங்குவதில் எனக்கும் தம்பிக்கும் சம்மதம் இல்லை. அவனையே கேட்டோம். வீட்டிலும் ஒழுங்கையிலும் அம்மு, பள்ளிக்கூடத்தில் முழுப்பெயர் என்றான். கூட்டாளிமார் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, "நல்ல ஆக்கள் எண்டால் கூப்பிடலாம்" என்றான். வகுப்பு தொடங்க முன்னர் ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இடாப்பில் உள்ள பெயரால் கூப்பிடச் சொல்வோம். பிள்ளைகள் சிநேகமாக அம்மு என்றால் விட்டுவிடச் சொல்வோம். அவனைச் சிரிப்பதற்காக யாராவது அந்தப் பெயரை எடுத்தால், அது பிள்ளையாக இருந்தாலும் சரி, இன்னொரு ஆசிரியராக இருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே நிறுத்தும்படி கேட்போம்.